கடல் இல்லாத ஊரில் திருக்கை: கொங்குப் பட்டறைகளில் உலோகச் சிற்பம் செய்து நிறுத்துவது எப்படி

திருக்கை, கடலாமை, கடல்குதிரை, அலை, சுழல் இப்படி ஏதாவது ஒன்றை ஆளுயரத்துக்கோ அதற்கு மேலோ இரும்பில் அல்லது ஸ்டீலில் செய்து, ஒரு பள்ளி வளாகத்திலோ ரிசார்ட்டிலோ தன் தோட்டத்திலோ நிறுத்த ஆசைப்பட்டு, ஆனால் பட்டறை வாசலை இதுவரை மிதிக்காதவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல், சேலம் வட்டாரம்தான் மனதில் இருக்கிறது. நான் இறங்கியபோது எந்தக் காகிதம் எப்போது வேண்டும், எதற்கு யாரைப் பிடிப்பது என்று சொல்ல ஆளில்லை. போன இடமெல்லாம் "ஆயிருமுங்க, பாத்துக்கலாமுங்க" என்ற பதில்தான்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். போனில் ஒரு படத்தைக் காட்டி "இதே மாதிரி ஒரு திமிங்கலம் செஞ்சு குடுங்கண்ணா" என்று ஒரே பட்டறையில் கேட்காதீர்கள். திமிங்கலம் செய்கிற பட்டறை இங்கே கிடையாது. ஆனால் அதன் ஒவ்வொரு பாகத்தையும் வேறு பெயரில் தினமும் செய்கிறவர்கள் பம்ப்செட்டிலும் பஸ் பாடியிலும் சாய மெஷினிலும் இருக்கிறார்கள். உயிரினத்தை அவரவருக்குத் தெரிந்த வேலையாகப் பிரித்துக் கொடுப்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

1. முதலில் இடம், அப்புறம் உயிரினம்

எங்கே நிற்கப்போகிறது என்று தெரியாமல் வரைய உட்காராதீர்கள்.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசி தொடங்கி ஆவணி வரை வீசுகிற காற்றை நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பல்லடம், உடுமலைப் பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்பது அதை நம்பித்தான். காற்றுச் சுமைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதி. அதில் கோவைக்குக் கொடுத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 140 கிலோமீட்டர். வேகத்தை அதே வேகத்தால் பெருக்கி 0.6-ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை நியூட்டன் அழுத்தம் என்று வரும். இங்கே சுமார் 912; கிலோவில் சொன்னால் 93. இறக்கை விரித்து நிமிர்ந்து நிற்கிற ஒரு திருக்கையின் பரப்பு 3 சதுர மீட்டர் என்றால், காற்று அதைப் பக்கவாட்டில் 280 கிலோ அளவுக்குத் தள்ளும். உயரம், வடிவம், சுற்றுப்புறம் எல்லாம் பார்த்து ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் (கட்டமைப்பின் பலத்தைக் கணக்கிடுகிறவர்) இதைக் கூட்டியும் குறைத்தும் போடுவார். ஆனால் இந்தக் குத்துமதிப்பு எண்ணாவது தெரியாமல் அவர் முன்னால் போய் உட்கார்ந்தால் அவர் கேட்கிற கேள்விக்குப் பதில் இருக்காது. சுமை அதிகம் என்று வந்தால் தகட்டை முழுசாக மூடாமல், விலா எலும்பு மாதிரி இடைவெளி விட்டு உடலைக் கட்டுங்கள். காற்று உள்ளே புகுந்து போய்விடும், பார்க்கவும் அதுதான் அழகு.

மண்ணையும் பாருங்கள். சூலூர், பல்லடம் வட்டாரத்தில் பல இடங்களில் கரிசல். மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும். செம்மண்ணுக்குப் போட்ட அதே அஸ்திவாரம் அங்கே நிற்காது, சாய்ந்துவிடும்.

அப்புறம் உப்பு. சிற்பம் கோவையிலேயே நிற்கிறதா, இல்லை பொன்னானிப் பக்கமோ ராமேஸ்வரம் பக்கமோ ஒரு ரிசார்ட்டுக்குப் போகிறதா? உலோகமே இதற்கு ஏற்றபடி மாறும்.

2. எந்த உயிரினம்

தகடு ஒரு திசையில் வளையும். இரண்டு திசையில் வளைய மறுக்கும். சப்பாத்தியைப் பந்தின் மேல் போர்த்தினால் ஓரத்தில் மடிப்பு விழுமே, அதே கதைதான். அப்படி வளைக்க வேண்டுமானால் தட்டி நீட்ட வேண்டும், அதற்குக் கை வேண்டும், அந்தக் கைக்குக் கூலி அதிகம். அதனால் முதல் சிற்பத்துக்கு உருண்டு திரண்ட டால்பினை எடுக்காதீர்கள் என்பது என் அபிப்பிராயம். வழவழப்பான உடலில் ஒரு சின்னப் பள்ளம் இருந்தாலும் வெயிலில் காட்டிக்கொடுத்துவிடும்.

கடல்குதிரை நல்ல தொடக்கம். அதன் உடல் எலும்பு வளையங்களால் ஆனது. வாலின் குறுக்குவெட்டு ஏறக்குறைய சதுரம். பட்டைக் கம்பியில் சதுர வளையம் செய்து, அளவைக் குறைத்துக்கொண்டே போய், சுருட்டினால் வால் வந்துவிடும். கேட் செய்கிற பட்டறையே இதைச் செய்யும். திருக்கையும் அவ்வளவு கஷ்டமில்லை, விலாக்கம்பி வைத்து மேலே தகட்டுப் பட்டைகள் போட்டால் போதும். ஜெல்லி மீனின் குடைக்கு நீங்கள் எதையும் தட்டவே வேண்டாம். டேங்க், பாய்லர் செய்கிறவர்கள் இரண்டு முனையிலும் வைக்கிற டிஷ் எண்ட் அளவு அளவாகக் கிடைக்கிறது. மீன் என்றால் செதில் வைத்துச் செய்யுங்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கிற செதில் வளைவுப் பிரச்சினையையும் தீர்க்கும், சுமாரான வெல்டிங்கையும் மறைக்கும்.

உடற்கூறு தப்பாகப் போகிற இடங்கள் சில உண்டு, பட்டறையில் யாரும் கவனிக்க மாட்டார்கள், நிறுத்திய பிறகு பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று கண்டுபிடித்துவிடும். சுறாவின் வால் செங்குத்து, திமிங்கலத்தின் வால் படுக்கை. கடலாமைக்குத் துடுப்பு, விரலும் நகமுமாய்க் கால் கிடையாது. பச்சை ஆமையின் ஓட்டில் இரு பக்கமும் நான்கு நான்கு தகடுகள்; பங்குனி ஆமைக்கு அதைவிட அதிகம், பெரும்பாலும் ஆறோ அதற்கு மேலோ. சங்கு செய்தால் லேசர் கட்டிங் ஃபைலை யாராவது கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிவிடாமல் பாருங்கள். இடம்புரி வலம்புரியாகி நின்றால், விலை பேச வந்தவர் அதைத்தான் முதலில் கேட்பார்.

ஒரு பெரிய எச்சரிக்கை. அச்சு எடுக்கவோ ஒட்டவோ நிஜக் கடல்குதிரை, பவளம், கடல் விசிறி, நாட்டிலஸ் ஓடு எதையும் வாங்காதீர்கள். கடற்கரைக் கடையில் விற்றாலும் சரி. இவை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் இருப்பவை, வைத்திருப்பதே வழக்குக்கு இடம் கொடுக்கும். படம், வீடியோ, அருங்காட்சியக மாதிரி போதும்.

பற்றவைத்த உலோகத்தில் எவ்வளவு தூரம் போகலாம் என்று பார்க்க, சென்னை போகும்போது ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள். சிற்பி எஸ். நந்தகோபால் செம்பிலும் பித்தளையிலும் செய்தவற்றின் பின்பக்கத்தையும் பாருங்கள், இணைப்புகள் அங்கேதான் தெரியும்.

3. சின்ன மாதிரி, வரைபடம், எடைக் கணக்கு

பத்தில் ஒரு பங்கு அளவில் அட்டையிலும் கட்டுக்கம்பியிலும் ஒரு மாதிரி செய்யுங்கள். கம்ப்யூட்டரில் முப்பரிமாண மாடல் செய்யத் தெரிந்தால் நல்லது, ஆனாலும் அட்டை மாதிரி வேண்டும். பட்டறையில் எல்லோரும் கையில் எடுத்துத் திருப்பிப் பார்ப்பது அதைத்தான்.

மாதிரியிலிருந்து பரப்பு, பரப்பிலிருந்து எடை. இரும்புத் தகட்டின் கனம் எத்தனை மில்லிமீட்டரோ அதை 7.85-ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டரின் எடை கிலோவில் வந்துவிடும். எட்டுக்கு நாலடி ஷீட் ஒன்றின் பரப்பு 2.97 சதுர மீட்டர். 2 மில்லி என்றால் ஒரு ஷீட் சுமார் 47 கிலோ, 1.6 மில்லி என்றால் 37. இந்த ஒரு கணக்கை வைத்துக்கொண்டுதான் கொட்டேஷன், லாரி, கிரேன், அஸ்திவாரம் நான்கையும் பேசப்போகிறீர்கள். கடைக்காரர் கனத்தை கேஜ் நம்பரில் பேசினால் மில்லியில் எழுதி வாங்குங்கள், கடைக்குக் கடை கேஜ் கொஞ்சம் நழுவும்.

லேசர் கட்டிங்குக்கு ஃபைல் டி.எக்ஸ்.எஃப். என்கிற கோட்டுப்பட வடிவத்தில் கேட்பார்கள். வெட்டும் நீளத்துக்கும், துளை ஆரம்பிக்கிற எண்ணிக்கைக்கும் சேர்த்துக் காசு. நூறு செதிலைத் தனித்தனியாக வெட்டுவதைவிட ஓரம் பகிர்ந்து அடுக்கினால் மிச்சமாகும். மிச்சத் தகட்டை மறக்காமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அது உங்கள் காசு.

4. உலோகம் வாங்குவது

ஏமாற்றம் அதிகம் நடக்கிற இடம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே.

எம்.எஸ். என்கிற சாதா இரும்பு நான் வாங்கின சமயத்தில் தகடு கிலோ 60 முதல் 80 ரூபாய்க்குள் இருந்தது. 304 ஸ்டெயின்லெஸ் ஏறக்குறைய அதன் மூன்று நான்கு மடங்கு, 316 அதற்கும் மேலே இன்னொரு பாதி. விலை வாரத்துக்கு வாரம் ஆடும், விகிதம் மட்டும் பெரிதாக மாறாது. எல்லாவற்றுக்கும் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. உங்களிடம் பதிவு இல்லை என்றால் அந்த வரி திரும்பி வராது, செலவிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்டீல் கடையில் காந்தத்தை வைத்து, ஒட்டவில்லை பாருங்க, 304 என்பார்கள். காந்தம் 202 என்கிற இன்னொரு ஸ்டெயின்லெஸ் ரகத்திலும் ஒட்டாது. 202-இல் நிக்கல் குறைவு, மாங்கனீசு அதிகம், விலையும் குறைவு. வெளியில் மழை வெயிலில் நிறுத்தினால் துரு சீக்கிரம் எட்டிப்பார்க்கும். சோதனைத் திரவத்தை ஒரு சொட்டு விட்டு நிறம் பார்க்கிற முறை உண்டு. அதைவிட உறுதி வேண்டுமென்றால் ஒரு துண்டை உலோகப் பரிசோதனைக் கூடத்தில் கொடுங்கள். முழு ஷீட்டாக வாங்கினால் மில் டெஸ்ட் சர்டிபிகேட் (ஆலையின் சோதனைச் சான்று) கேளுங்கள், அதில் இருக்கிற ஹீட் நம்பர், அதாவது உருக்கிய தொகுதியின் எண், ஷீட்டில் அச்சாகியிருக்கும் நம்பரோடு ஒத்துப்போக வேண்டும். பில்லில் வெறும் எஸ்.எஸ். ஷீட் என்று எழுதவிடாதீர்கள், கிரேடு வர வேண்டும்.

கோவையில் நிற்கப்போவதற்கு 304 தாராளம். கடற்கரைக்குப் போவதானால் 316. அதில் இருக்கிற 2 முதல் 3 சதவீத மாலிப்டினம்தான் உப்புக்கு ஈடுகொடுக்கிறது. 304-ஐ அங்கே வைத்தால் ஓட்டை விழாவிட்டாலும் டீக்கறை மாதிரி பழுப்பு படிந்துவிடும், வாடிக்கையாளர் துரு என்றுதான் சொல்வார்.

பழைய இரும்பில் செய்வதானால் நம் வட்டாரம் மாதிரி வசதி வேறெங்கும் இல்லை. கோவையில் உக்கடம் பழைய இரும்புக் கடைகள், மில் ஏலங்கள், பம்ப் பட்டறைக் கழிவு. பம்புக்குள் சுழல்கிற இம்பெல்லரைப் பார்த்தால் அப்படியே ஒரு நீர்ச்சுழல். அதை மூடுகிற வால்யூட் கேசிங் ஒரு நத்தை ஓடு. மோட்டார் ஸ்டாம்பிங் தகடுகள் பவளக் கூட்டத்துக்கு, ஸ்பின்னிங் மில் ஸ்பிண்டில்கள் கடல் முள்ளெலிக்கு. திருப்பூர், பெருந்துறைப் பக்கம் கழித்துப்போட்ட சாய மெஷின்களின் உடல் பெரும்பாலும் 316. சோதித்துவிட்டு வாங்கினால் புதுத் தகட்டின் விலையில் நல்ல பகுதி மிச்சம்.

ஆனால் பம்ப் கேசிங் வார்ப்பு இரும்பு. சாதா வெல்டிங் ராடு போட்டுப் பற்றவைத்தால் அன்றைக்கு ஒட்டும், ஆறியதும் பக்கத்திலேயே விரிசல் விடும். நிக்கல் ராடு வேண்டும், முன்னால் சூடேற்ற வேண்டும், சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிட வேண்டும். இவ்வளவு பாடு எதற்கு, துளை போட்டு போல்ட்டில் பிடியுங்கள். செம்பு, பித்தளைப் பாகத்தை இரும்போடு நேராகச் சேர்த்து மழையில் விடவும் கூடாது, இரும்பு பக்கம் அரித்துக்கொண்டே போகும். நடுவில் நைலான் வாஷர் போடுங்கள்.

பழைய சாமானுக்கும் பில்லும் எடைமேடைச் சீட்டும் வாங்குங்கள். வண்டியோடு ஒரு எடை, காலி வண்டி ஒரு எடை. திருட்டுச் சாமான் என்று யாராவது வந்து நின்றால் காட்ட உங்களிடம் இருப்பது அந்தக் காகிதம்தான்.

5. எந்த வேலைக்கு எந்தப் பட்டறை

எலும்புக்கூட்டுக்கு, அதாவது உள் சட்டத்துக்கு, சாதாரண ஃபேப்ரிகேஷன் பட்டறை போதும். கணபதி, குறிச்சி சிட்கோ என்று எங்கும் கிடைக்கும். வளைந்த தோலுக்கு, அதாவது வெளித் தகட்டுக்கு, கரூர் பஸ் பாடி டிங்கர்களைப் பாருங்கள். பஸ்ஸின் முன்முகத்தைச் சுத்தியலால் தட்டி எழுப்புகிற கை அது, திமிங்கலத்தின் நெற்றி அவர்களுக்குப் பெரிய விஷயமில்லை. நாமக்கல், திருச்செங்கோட்டு லாரி பாடிக்காரர்களிடமும் அந்தக் கை உண்டு. ஸ்டெயின்லெஸ் என்றால் சாய மெஷின் அல்லது பால் பண்ணைச் சாதனங்கள் செய்கிற இடத்தில் ஆர்கான் கேஸ் வைத்துப் பற்றவைக்கிற டிக் வெல்டர்தான் வேண்டும். கேட், கிரில் பட்டறையில் ஸ்டெயின்லெஸ் சிற்பம் கொடுத்தால் சட்டென்று முடித்துக் கொடுப்பார்கள், வெல்டிங்கைச் சுற்றிக் கறுத்துப்போய்.

கூலி பேசுவதில் ஒரு வலை இருக்கிறது. எல்லாப் பட்டறையிலும் பழக்கம் கிலோவுக்கு இவ்வளவு என்பது. சட்டத்துக்கு அது சரி. தோலுக்கும் செதிலுக்கும் கிலோக் கணக்கில் பேசினால் இரண்டில் ஒன்று நடக்கும்: கனமான தகட்டைப் போட்டு எடையை ஏற்றுவார்கள், அல்லது மெல்லிசு வேலை கட்டுப்படியாகவில்லை என்று நடுவில் கைவிடுவார்கள். அந்தப் பகுதிக்கு நாள் கூலி பேசுங்கள், ஒரு மேஸ்திரி ஒரு ஹெல்பர் என்று. கூடவே ஒரு சதுர அடிக்கு மாதிரித் துண்டு ஒன்று செய்யச் சொல்லிக் காசு கொடுத்து வாங்குங்கள். அதில் தெரிந்துவிடும் எத்தனை நாள் ஆகும், கை எப்படி என்று.

6. எழுத்தில் வாங்க வேண்டியவை

பட்டறையோடு ஒன்று, சிற்பம் வாங்குகிறவரோடு ஒன்று, இரண்டு ஒப்பந்தம். ஸ்டாம்ப் பேப்பர் பெரிய விஷயமில்லை, லெட்டர் பேடில் கையெழுத்தோடு இருந்தாலும் சரி.

பட்டறையோடு: உலோகக் கிரேடும் கனமும், வெல்டிங் முறை, ஃபில்லர் ராடு (இணைப்பில் உருகி நிரம்புகிற கம்பி) எது, ஃபினிஷ் எப்படி, வரி உள்ளேயா வெளியேயா, கரண்ட், கேஸ், டிஸ்க் யார் கணக்கு, ஏற்றுக்கூலி யாருடையது. முன்பணம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். சட்டம் முடிந்ததும் ஒரு பகுதி, தோல் முடிந்ததும் ஒரு பகுதி, பத்து சதவீதம் நிறுத்திய பிறகு.

வாங்குகிறவரோடு: இதே மாதிரி அவரும் உங்கள் பணத்தில் பத்து சதவீதத்தைப் பிடித்துவைப்பார், எத்தனை நாளில் விடுவிப்பார் என்று தேதி போடுங்கள். அஸ்திவாரம், கிரேன், விளக்கு யார் செலவு என்பதை விட்டுவிட்டால் அது உங்கள் தலையில்தான் விழும். வடிவத்தின் உரிமையையும் எழுதுங்கள். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின்படி சிற்பம் கலைப்படைப்பு. எழுத்தில் மாற்றிக் கொடுக்காதவரை, ஒப்பந்தத்துக்குச் செய்தாலும் வடிவத்தின் உரிமை அதை உருவாக்கியவருடையதே, பொருள் மட்டும்தான் வாங்கியவருடையது. பதிவு கட்டாயம் இல்லை, செய்தால் ஒரு படைப்புக்கு 500 ரூபாய், ஆட்சேபணைக்கு 30 நாள் காத்திருப்பு. இடம் மாற்றினாலும் வேறு நிறம் அடித்தாலும் உங்களைக் கேட்க வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். டெல்லி விஞ்ஞான் பவனிலிருந்து அகற்றப்பட்ட தன் வெண்கலச் சுவர்ச்சிற்பத்துக்காக சிற்பி அமர்நாத் சேகல் நடத்திய வழக்கில் 2005-இல் உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஆனால் அதற்குள் பல வருஷம் ஓடிவிட்டது, ஒரு வரி எழுதிக்கொள்வது சுலபம்.

நிறுவனம் பணம் கொடுத்தால் ஒப்பந்த வேலைக்கு டி.டி.எஸ். (வருமான வரிக்கான முன்பிடித்தம்) தனிநபருக்கு 1 சதவீதம் பிடிப்பார்கள். பான் எண் கொடுக்காவிட்டால் 20. உத்யம் பதிவு (சிறுதொழிலுக்கான அரசுப் பதிவு) ஒன்று செய்துகொள்ளுங்கள். ஆதார், பான் போதும், அரசு தளத்தில் முழுக்க இலவசம். பணம் கேட்கிற தளம் எதுவானாலும் அது போலி. அந்தப் பதிவு இருந்தால், எழுதிய ஒப்பந்தத்தில் எத்தனை நாள் போட்டிருந்தாலும் 45 நாளுக்குள் உங்களுக்குப் பணம் வர வேண்டும் என்பது சட்டம், தாமதித்தால் வட்டி. என் காசை மாதக்கணக்கில் இழுத்தடித்த ஒரு வாடிக்கையாளர் இந்தப் பிரிவைக் குறிப்பிட்டுக் கடிதம் போன பிறகுதான் போனையே எடுத்தார்.

7. வேலை நடக்கும்போது பக்கத்தில் இருங்கள்

தினமும் வேண்டாம். ஆனால் சட்டம் நிமிர்கிற அன்றும், தோலை டேக் வைக்கிற (புள்ளி புள்ளியாகத் தற்காலிகமாகப் பற்றவைக்கிற) அன்றும் கட்டாயம் இருக்க வேண்டும். டேக் நிலையில் மாற்றுவது ஐந்து நிமிஷம், முழு வெல்டிங்குக்குப் பிறகு ஒரு நாள்.

ஸ்டெயின்லெஸ் சூட்டில் இரும்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விரியும், சூட்டையும் வேகமாக வெளியே கடத்தாது. ஒரே மூச்சில் இழுத்தால் தகடு நெளிந்துவிடும். இங்கே ஒரு அங்குலம், எதிர்ப்பக்கம் ஒரு அங்குலம் என்று மாற்றி மாற்றி வைக்கச் சொல்லுங்கள். 304-க்கு 308எல் ஃபில்லர், 316-க்கு 316எல், ஸ்டெயின்லெஸ்ஸை இரும்புச் சட்டத்தோடு சேர்க்க 309எல்.

கிரைண்டிங் டிஸ்க் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். இரும்பு தேய்த்த டிஸ்க்கையும் வயர் பிரஷ்ஷையும் ஸ்டெயின்லெஸ்ஸில் வைத்தால் இரும்புத் தூள் ஒட்டிக்கொள்ளும், முதல் மழையில் புள்ளி புள்ளியாகத் துரு. ஸ்டீல் மட்டம் என்று கடைக்காரரோடு சண்டை போடுகிற பலருக்கு நடந்தது இதுதான். புது டிஸ்க் ஒரு டப்பா நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) பைப்பைப் பற்றவைக்கும்போது வருகிற வெள்ளைப் புகை துத்தநாகம். அன்று இரவே காய்ச்சல், குளிர் வரும். பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் செய்யச் சொல்லுங்கள். வெல்டிங் கறையை எடுக்கிற பிக்லிங் பேஸ்ட்டில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருக்கிறது, கையுறை இல்லாமல் யாரையும் தொடவிடாதீர்கள்.

8. மேல்பூச்சு

எம்.எஸ். என்றால் மணல் வீச்சில் துருவை எடுத்து, அதே நாளில் எபாக்சி பிரைமர், மேலே பி.யூ. (பாலியூரிதேன்) பெயின்ட் இரண்டு கோட். ரெட் ஆக்சைடு அடித்து எனாமல் போட்டால் இரண்டு மழைக்காலம் தாங்கும், அவ்வளவுதான். ஹாட் டிப் கால்வனைசிங் (உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுப்பது) போகிறீர்களா? மூடிய பைப், மூடிய வயிறு எதுவாக இருந்தாலும் காற்றுத் துளை போட்டே அனுப்புங்கள். சுமார் 450 டிகிரி துத்தநாகத்தில் முங்கும்போது உள்ளே ஈரம் இருந்தால் வெடிக்கும். 2 மில்லிக்குக் கீழே மெல்லிய தகடு அதில் நெளியும்.

9. காற்றில் அசைய வேண்டுமென்றால்

துடுப்பு ஆடுகிற ஆமை, சுற்றுகிற சுழல். ஆசையாக இருக்கும், செலவு கூடும். காற்றிலேயே இயங்கும் உலோகச் சிற்பம் எப்படி இருக்கும் என்று பார்க்க, 2016 ரியோ ஒலிம்பிக் தீபத்தைச் சுற்றி அமெரிக்கச் சிற்பி ஆந்தனி ஹோவ் செய்திருந்ததைத் தேடிப் பாருங்கள். இரண்டு பக்கமும் ரப்பர் சீல் உள்ள பேரிங், கிரீஸ் நிப்பிள் வைத்த பேரிங் பிளாக், ஒவ்வொரு அசையும் பாகத்துக்கும் பூட்டுமுளை. ஆடிக் காற்று அடிக்கும்போது பூட்டிவைக்க ஆள் வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். குழந்தைகள் கை எட்டுகிற உயரத்தில் அசையும் பாகம் வேண்டவே வேண்டாம்.

10. அஸ்திவாரம், லாரி, ஹைட்ரா

அஸ்திவாரக் கம்பி, ஆங்கர் போல்ட் (கான்கிரீட்டில் புதைகிற போல்ட்), பேஸ் பிளேட் (சிற்பத்தின் அடித்தகடு) மூன்றும் இன்ஜினியர் கையெழுத்துப் போட்ட வரைபடத்தில் இருக்க வேண்டும். போல்ட்டின் இடைவெளிக்கு ஒரு தகட்டு டெம்ப்ளேட் வெட்டி, அதையே பட்டறைக்கும் கொத்தனாருக்கும் கொடுங்கள். இருவரும் தனித்தனியாக அளந்தால் நிச்சயமாகச் சேராது. கான்கிரீட் போட்டு ஒரு வாரம் தண்ணீர் ஊற்றுங்கள், முழு பலம் வர 28 நாள். திறந்த வெளியில் உயரமாக நிற்பதற்கு எர்த்திங் பட்டையும் அப்போதே.

வண்டியின் அகலம் சட்டப்படி 2.6 மீட்டர். அதைத் தாண்டிச் சிற்பம் துருத்தினால் தனி அனுமதி, தனிச் செலவு. எட்டடிக்கு மேல் இறக்கை விரிந்தால் வரையும்போதே ஃபிளாஞ்ச் (போல்ட் போட்டு இணைக்கிற விளிம்பு) வைத்து இரண்டாகப் பிரியுங்கள். தூக்குவதற்குக் கொக்கி எங்கே என்பதும் வரைபடத்திலேயே இருக்க வேண்டும், இல்லையென்றால் ஹைட்ராக்காரர் (சின்ன மொபைல் கிரேன் ஓட்டுகிறவர்) துடுப்பில் பெல்ட்டைப் போட்டுத் தூக்குவார். ஹைட்ராவுக்குக் குறைந்தபட்ச மணிக்கணக்கு உண்டு, அரை மணி வேலையானாலும் அந்தக் காசு போகும், வழியில் கரண்ட் கம்பி தாழ்வாக இருக்கிறதா என்று முதல்நாளே பாருங்கள்.

இ-வே பில் (சரக்கை ஏற்றிச்செல்ல ஜி.எஸ்.டி. தளத்தில் எடுக்கிற சீட்டு) எப்போது வேண்டும்: தமிழ்நாட்டுக்குள் மதிப்பு 1 லட்சத்தைத் தாண்டினால், வாளையார் தாண்டிக் கேரளம் போனால் 50,000-ஐத் தாண்டினால். வெளிமாநிலத்துக்கு விற்பதற்கு ஜி.எஸ்.டி. பதிவு தேவைப்படலாம், ஆர்டர் எடுக்கும் முன்பே ஆடிட்டரிடம் கேளுங்கள்.

11. அனுமதி

சொந்த வளாகத்துக்குள் என்றால் இன்ஜினியர் சான்று பெரும்பாலும் போதும். சாலையோரம், நடைபாதை, ரவுண்டானா என்றால் ஆர்டரே எடுக்காதீர்கள் என்பேன். பொதுச் சாலையிலும் நடைபாதையிலும் சிலை வைக்க அனுமதி கொடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரியில் உத்தரவிட்டிருக்கிறது. "கவுன்சிலரைப் பாத்துக்கலாமுங்க" என்று யாராவது சொன்னால் பணிவாக எழுந்து வந்துவிடுங்கள். குளக்கரை, பூங்கா என்றால் நிலம் மாநகராட்சியுடையதா, நீர்வளத் துறையுடையதா என்று எழுத்தில் தெரிந்த பிறகுதான் பட்டறைக்கு முன்பணம் கொடுக்க வேண்டும்.

12. காலமும் காசும்

ஆளுயரச் சிற்பத்துக்கு வரைவதிலிருந்து நிறுத்துவது வரை நான்கைந்து மாதம் வைத்துக்கொள்ளுங்கள். பட்டறைக்காரர் ஒன்றரை மாதம் என்பார். ஆயுத பூஜை முதல் தீபாவளி முடிந்து ஆட்கள் திரும்பும் வரை ஒரு மாதம் காலி. வடக்கிலிருந்து வந்து வேலை செய்கிறவர்கள் இருந்தால் ஹோலிக்கும் ஊருக்குப் போவார்கள். ஆடியிலும் மார்கழியிலும் பூமி பூஜை போடமாட்டார்கள், வாடிக்கையாளரே தள்ளிவைப்பார். நிறுத்துவதற்குத் தை, மாசி நல்ல காலம்: காற்றும் இல்லை, மழையும் இல்லை. அதற்கு ஆவணியிலாவது வரைபடம் முடிந்து தகடு வாங்கியிருக்க வேண்டும்.

செலவில் உலோகத்தின் விலையைப் பார்த்து மொத்தத்தைக் கணிக்காதீர்கள். என் கணக்கில் பொருள் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டவில்லை. பாதிக்குக் கிட்ட கூலியும் ஃபினிஷிங்கும், மிச்சம் லாரி, கிரேன், அஸ்திவாரம், இன்ஜினியர். இதற்கு மேல் பதினைந்து சதவீதம் கையில் வைத்துக்கொண்டு விலை சொல்லுங்கள்.

நிறுத்திய பிறகு முதல் மழை முடிந்ததும் ஒருமுறை போய் வெல்டிங் ஓரம், தண்ணீர் தேங்கும் பள்ளம், போல்ட் இறுக்கம் மூன்றையும் பாருங்கள். தேங்கினால் அங்கேயே ஒரு துளை போட்டுவிடுங்கள். கடற்கரையில் நிற்பதை மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும் என்று பராமரிப்புத் தாளில் எழுதி, வாட்ச்மேனிடம் ஒரு நகல், ஆபீசில் ஒரு நகல் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பத்து சதவீதத்தைக் கேட்கப் போகும்போது அதையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.